வாசகர் கேள்வி பதில்: கிளாஸ்ல கடைசி அஞ்சு நிமிஷம்

கேள்வி: சார், நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு காலேஜ்ல எக்கனாமிக்ஸ் எடுக்கேன், சேர்ந்து ரெண்டாவது வருஷம். வாரத்துக்கு 18 ஹவர் கிளாஸ், ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நோட்ஸ் தயார் பண்ணிட்டு இருக்கேன். புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலைய ஆட்டுறாங்க, இன்டர்னல் பேப்பர எடுத்துப் பாத்தா ஒண்ணுமே இல்ல. இன்னும் எப்படி தயார் பண்ணணும்?

பதில்: தம்பி, இன்னும் தயார் பண்ண வேண்டாம், குறைங்க. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியிலேயே அசிஸ்டன்ட் புரொபசருக்கு வாரம் 16 மணி நேரம்தான் கிளாஸ், உங்களுக்கு அதுக்கு மேலயே இருக்கு, அதோட ராத்திரியும் நோட்ஸ்னா உடம்பு எத்தன நாள் தாங்கும்?

புரிஞ்சுதான்னு கேட்டா நம்ம பிள்ளைங்க வேற என்ன சொல்லும், பாதி பேரு பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இங்க வந்தா புக்கு பூரா இங்கிலீஷ், எந்திரிச்சு புரியலன்னு சொன்னா கிளாஸே திரும்பிப் பாக்குமேன்னு பயம். அதனால அந்தக் கேள்விய இனி கேக்காதீங்க. பெல் அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது பாடத்த நிறுத்திட்டு ஆளுக்கு அரை ஷீட் பேப்பர் எடுக்கச் சொல்லுங்க. புக்க மூடி வச்சிட்டு ரெண்டே விஷயம் எழுதணும், இன்னைக்கு நடத்துனதுல முக்கியமானது எது, இன்னும் குழப்பமா இருக்கிறது எது. பேரு வேண்டாம், தமிழ்ல எழுதலாம், கலந்தும் எழுதலாம். மார்க் மட்டும் போட்டுடாதீங்க, போட்டா அதுவும் இன்னொரு டெஸ்ட்தான்னு பக்கத்துல பாத்து எழுத ஆரம்பிச்சிரும்.

வாங்குனத ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து புரிஞ்சது, பாதி புரிஞ்சது, மொத்தமா மாறிப் போனதுன்னு மூணு அடுக்கா பிரிச்சிடுங்க, ஒவ்வொண்ணையும் ஆழமா வாசிக்க வேண்டாம். டிமாண்ட் நடத்துன அன்னைக்கு ஒரு பிள்ளை இப்படி எழுதும்னு வைங்க: "வெல கூடுனா டிமாண்ட் கொறையும்னு சொன்னீங்க, ஓணத்துக்கு தோவாளை பூச்சந்தைல பிச்சிப்பூ வெலயும் கூடுது, வாங்குற ஆளும் கூடுதே, அது எப்படி சார்?" இதவிட நல்ல கேள்வி எந்த டெக்ஸ்ட்புக்ல கிடைக்கும்! அடுத்த கிளாஸ இதுலயே ஆரம்பிங்க. கேரளாவுல இருந்து ஆர்டர் குவியுறதால டிமாண்ட் கோடே வலப்பக்கம் நகருது, அதாவது எந்த வெலைக்கும் முன்னவிட கூட வாங்க ஆள் இருக்கு, அதனாலதான் வெல ஏறுது. ஏறுன வெலயப் பாத்துட்டு ரெண்டு முழம் வாங்க வந்த அம்மா ஒரு முழத்தோட போறாங்களே, அது கோடு நகர்றதில்ல, அதே கோட்டு மேல ஆளு நகர்றதாக்கும். இத போர்டுல போட்டுக் காட்டுங்க, ராத்திரி எழுதி வச்ச பத்து பக்க நோட்ஸ் செய்யாதத இது செஞ்சிரும்.

ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் 2006ல காலேஜ் பிள்ளைங்கள வச்சு, இப்படி புக்க மூடிட்டு எழுதுறது உதவுதான்னு பாத்திருக்காங்க. திரும்பத் திரும்ப வாசிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல முந்துனாங்க, ஒரு வாரம் கழிச்சு வச்சப்போ வாசிச்சிட்டு மனசுல இருந்து எழுதிப் பாத்தவங்கதான் முந்துனாங்க. நம்ம இன்டர்னலும் செமஸ்டரும் பாடம் நடத்தி பல வாரம் கழிச்சுதான வருது, அப்ப எது உதவும்னு நீங்களே பாருங்க.

இன்னொண்ணு, கேள்வி கேட்டா உடனே நீங்களே பதில் சொல்லிராதீங்க. மேரி பட் ரோன்னு ஒரு ஆய்வாளர் 1970கள்ல ஸ்கூல் சயின்ஸ் கிளாஸ்கள கவனிச்சு சொன்னது, டீச்சருங்க சாதாரணமா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அத மூணு செகண்டுக்கு மேல ஆக்குனா வாயே தொறக்காத பிள்ளைங்களும் பேசுது. நின்னு பாருங்க, மூணு செகண்ட் ரொம்ப நீளமா தெரியும், ஆனாலும் நில்லுங்க.

கேள்வி: ரெண்டு செக்‌ஷன் சேத்து 120 பேப்பர், கூடவே காலேஜுக்கு கிரேடு போடுற நாக் (NAAC) குழுவுக்கான ஃபைல். பிஎச்டி தீசிஸ் அப்படியே கிடக்குது சார். (உதவிப் பேராசிரியை, தக்கலை)

பதில்: டீச்சர், ஒரு பேப்பர முழுசா திருத்திட்டு அடுத்தத எடுக்காதீங்க. முதல் கேள்விய 120லயும் திருத்துங்க, பிறகு ரெண்டாவது. விடைக் குறிப்பு மனசுலயே நிக்கும், வேகம் தானா வரும், முதல் பதில் நல்லா எழுதுன பிள்ளைக்கு அடுத்ததுக்கும் கை தாராளமா போறதும் நிக்கும். நாக் ஃபைலுக்கு வாரத்துல ஒரு ஹவர், ஒரே நாள், அதுக்கு மேல குடுக்காதீங்க. மேல சொன்ன அரை ஷீட்டுகள தேதி போட்டு கட்டி வைங்க, மெதுவா படிக்கிற பிள்ளைங்களுக்கு என்ன செஞ்சீங்கன்னு நாக்ல கேக்கும்போது காட்ட அது போதும்.

தீசிஸுக்கு லீவு வரட்டும்னு மட்டும் இருக்காதீங்க. லீவு வந்தா வேல்யூவேஷன் கேம்பும் கூடவே வந்து நிக்கும், வீட்டு விசேஷமும் வரும். காலைல செல்போன தொடுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம், ஒரு பாரா ஆனாலும் சரி. நிறுத்தும்போது நாளைக்கு எந்த வரில ஆரம்பிக்கணும்னு எழுதி வச்சிட்டு எந்திரிங்க. காலைல வீட்டு வேலை மொத்தமும் உங்க தலைலதான்னா வீட்டுல உக்காந்து பேசி அந்த அரை மணிய வாங்குங்க, இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி: கிளாஸ்ல காட்டுற பிபிடி ஸ்லைட முன்னாடியே அனுப்புங்கன்னு பிள்ளைங்க கேக்காங்க, அனுப்பலாமா? (விரிவுரையாளர், குளச்சல்)

பதில்: அனுப்புங்க. ஆனா முக்கியமான இடத்துல படத்தயும் விடையயும் எடுத்துட்டு காலியா விட்டு அனுப்புங்க, கிளாஸ்ல இருந்துதான் அத நிரப்ப முடியணும். ராத்திரி எட்டு மணிக்கு மேல குரூப்ல வர்ற சந்தேகத்துக்கு காலைலதான் பதில்னு முதல் நாளே சொல்லிடுங்க.