ஒரே ஐபியில் இரண்டு மெயில் சர்வர்: இன்னொரு ஐபி வாங்க வேண்டுமா?

கேள்வி: மண்டபத்தில் நண்டு பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிறோம். ராமேஸ்வரத்தில் அண்ணன் லாட்ஜ் நடத்துகிறார். இரண்டுக்கும் தனித்தனி டொமைன், தனித்தனி மெயில் சர்வர். இரண்டு சர்வரும் மண்டபம் ஆபீஸில்தான் இருக்கின்றன, ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி எண்) ஒன்றுதான். ரவுட்டரில் 25ஆம் போர்ட்டை, அதாவது வெளி மெயில் வந்து சேரும் வாசலை, எங்கள் சர்வருக்குத் திருப்பினால் லாட்ஜுக்கு மெயில் வருவதில்லை. அங்கே திருப்பினால் எங்களுக்கு வருவதில்லை. கம்ப்யூட்டர் பார்ப்பவர் இன்னொரு ஐபி வாங்கச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. இன்னொரு ஐபிக்குக் காசு கட்டாதீர்கள்.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். டொமைனின் எம்எக்ஸ் பதிவில் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) சர்வரின் பெயரை மட்டும்தான் எழுத முடியும், போர்ட் எண்ணை எழுத இடமே கிடையாது. அதனால் உலகத்தில் யார் உங்களுக்கு மெயில் அனுப்பினாலும் அந்த ஐபியின் 25ஆம் போர்ட்டுக்குத்தான் வருவார்கள். ரவுட்டருக்குத் தெரிவது ஐபியும் போர்ட்டும் மட்டுமே. வெப்சைட் என்றால் பிரவுசர் வந்தவுடனே தளத்தின் பெயரைச் சொல்லிவிடும், பெயரைப் பார்த்துப் பிரித்துவிடலாம். மெயிலில் அப்படியில்லை. வருகிற சர்வர் முதலில் தன் பெயரைச் சொல்லும், அடுத்து அனுப்பியவர் முகவரி, அதற்குப் பிறகுதான் யாருக்கு என்பதைச் சொல்லும். அதற்குள் ரவுட்டர் இணைப்பை ஏதாவது ஒரு மெஷினில் ஒட்டிவிட்டிருக்கும். போதாக்குறைக்கு, ஒரே இணைப்பில் உங்களுக்கும் லாட்ஜுக்கும் சேர்த்தே மெயில் வரலாம். எவ்வளவு விலையுள்ள ரவுட்டர் வாங்கினாலும் போர்ட் ஃபார்வர்டிங்கில் இது தீராது. 'லோடு பேலன்சிங் போட்டுப் பிரித்துவிடலாம்', அதாவது வருகிற இணைப்புகளை இரண்டுக்கும் மாறி மாறிப் பங்கிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லாட்ஜ் மெயிலில் பாதி நண்டு சர்வருக்குப் போய் 'ரிலே ஆக்சஸ் டினைட்' (இது என் டொமைன் இல்லை, வாங்க மாட்டேன்) என்று திரும்பிவிடும். ரூம் கேட்டவர் வேறு லாட்ஜைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

வழி இதுதான். இரண்டு சர்வருக்கும் முன்னால் ஒரு சின்ன மெஷின் வையுங்கள். 2 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர் போதும். அதில் லினக்ஸும், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளும். அதற்கு 192.168.1.10, நண்டு சர்வருக்கு 192.168.1.11, லாட்ஜுக்கு 192.168.1.12 என்று மாறாத உள் ஐபி கொடுங்கள். ரவுட்டரில் 25ஆம் போர்ட் 10க்கு மட்டும் போகட்டும். இரண்டு டொமைனின் எம்எக்ஸும் இந்த ஒரே மெஷினின் பெயரைக் காட்டட்டும். எம்எக்ஸில் ஐபியை எழுதக்கூடாது, பெயர்தான்.

போஸ்ட்ஃபிக்ஸில் 'ரிலே டொமைன்ஸ்' வரியில் இரண்டு டொமைனையும் எழுதுங்கள். அவை 'மை டெஸ்டினேஷன்' வரியில் இருக்கக்கூடாது. இருந்தால் முன் மெஷினே மெயிலை வைத்துக்கொள்ளும். பிறகு 'டிரான்ஸ்போர்ட்' கோப்பில் டொமைனுக்கு ஒரு வரி: இது 11க்கு, அது 12க்கு. உள் ஐபியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். ஐபிக்குப் பதில் சர்வர் பெயரை எழுதி அடைப்புக்குறியை விட்டுவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் தேடும், அது தன்னையே காட்டலாம், 'மெயில் லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்' என்று திருப்பிவிடும். கோப்பை மாற்றியதும் 'போஸ்ட்மேப்' ஓட்டி ரீலோட் செய்யுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அடுத்ததில். இல்லாத முகவரிக்கு வருகிற மெயிலை வாசலிலேயே மறுக்க வேண்டும். முன் மெஷின் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, உள் சர்வர் பிறகு மறுத்தால், திருப்பு மெயில் போலி முகவரிக்காரர்களுக்குப் போகும். கொஞ்ச நாளில் உங்கள் ஐபி கருப்புப் பட்டியலில் ஏறிவிடும். 'ரிலே ரெசிப்பியன்ட் மேப்ஸ்' கோப்பில் உண்மையான முகவரிகளை எழுதி வைக்கலாம். ஆள் மாறும்போதெல்லாம் அதைத் திருத்த முடியாதென்றால் 'ரிஜெக்ட் அன்வெரிஃபைட் ரெசிப்பியன்ட்' போடுங்கள். முன் மெஷின் உள் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இதன் பதில் எண் இயல்பில் 450, அதாவது 'பிறகு வா'. இதை 550 ஆக்கினால்தான் மறுப்பு மறுப்பாக இருக்கும்.

லாகையும் (சர்வர் எழுதி வைக்கும் பதிவேடு) பாருங்கள். வெளியிலிருந்து வருகிற எல்லா இணைப்பும் 192.168.1.1 என்றே, அதாவது ரவுட்டர் எண்ணிலேயே தெரிகிறதா? அப்படியானால் உடனே 25ஐ மூடுங்கள். ரவுட்டர் வருகிறவரின் முகவரியை மாற்றிக் கொடுக்கிறது என்று அர்த்தம். 'மை நெட்வொர்க்ஸ்' வரியில் (யாருடைய மெயிலை நம்பி வெளியே அனுப்பலாம் என்ற பட்டியல்) 192.168.1.0/24, அதாவது உள் நெட்வொர்க் முழுவதும் இருந்தால் ஊரிலுள்ள ஸ்பேம்காரனெல்லாம் உங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவான். அந்த வரியில் 127.0.0.1 (அந்த மெஷினே), 11, 12 மட்டும் இருக்கட்டும். எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பெயரில் அனுப்ப அந்த ஐபிக்கு உரிமை உண்டா என்பது), கருப்புப் பட்டியல் சோதனைகளை முன் மெஷினில்தான் செய்ய வேண்டும். உள் சர்வர்களுக்கு எல்லா மெயிலும் 10இலிருந்து வருவதாகத்தான் தெரியும்.

வெளியே போகும் மெயிலும் இரண்டு சர்வரிலிருந்தும் 10 வழியாகவே போகட்டும். இரண்டு டொமைனின் எஸ்பிஎஃப் பதிவிலும் அதே ஐபி. டிகேஐஎம் சாவி (மெயிலில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவது) மட்டும் டொமைனுக்கு ஒன்று. பிடிஆர் (ஐபிக்கு என்ன பெயர் என்று சொல்லும் பதிவு) ஒன்று போதும், முன் மெஷின் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயரோடு அது ஒத்துப்போக வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றில் கண்டிப்பு. பிடிஆரை இணைப்புத் தரும் நிறுவனம்தான் போட முடியும். மாதாமாதம் ஐபிக்கு வாடகை வாங்குகிறவர்களுக்கு ஒரு பெயரை எழுதிக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கு வாடிக்கையாளரை ஒவ்வொரு மேஜையாக அலையவிடுவது நியாயமே இல்லை. போனில் கேட்காதீர்கள், சர்க்யூட் எண் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், புகார் எண் வாங்குங்கள்.

'டொமைனுக்கு ஒரு ஐபி இல்லாவிட்டால் மெயில் ஸ்பேமில் விழும்' என்பது விற்பவர் பேச்சு. பெரிய மெயில் நிறுவனங்களே எண்ணற்ற டொமைன்களைப் பொது ஐபிகளில்தான் நடத்துகின்றன. இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. எம்எக்ஸ் மாற்றும் முன் பாருங்கள்: டொமைன் யார் பெயரில் இருக்கிறது? கீழக்கரையிலிருந்து தொண்டி வரை சிறு தொழில்களில் வெப்சைட் போட்டுக் கொடுத்தவரே தன் ஜிமெயிலில் டொமைனைப் பதிந்து, கணக்கையும் தன்னிடமே வைத்துக்கொள்வது நடக்கிறது. ஒரு வரி மாற்ற வேண்டுமென்றாலும் அவர் போன் எடுக்க வேண்டும். புதுப்பிக்க அவர் சொல்வதுதான் விலை. அவரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் வெளிநாட்டு ஆர்டர் மெயில் அவர் கையில். பதிவாளர் (டொமைன் விற்கும் நிறுவனம்) தளத்தின் லாகின் வாங்குங்கள். அதில் நிறுவனப் பெயரும் உங்கள் மெயில் முகவரியும் உங்கள் மொபைல் எண்ணும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அந்த முகவரி இதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் நின்றால் பாஸ்வேர்டு மீட்கும் வழியும் நின்றுவிடும். லாகின் தர மறுத்தால் ஆத் கோட் (டொமைனை இடம் மாற்றும் ரகசிய எண்) கேட்டு வேறு பதிவாளருக்கு மாற்றுங்கள். இது முடியாமல் சர்வர் பக்கமே போகாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. போர்ட்டைப் பிரித்து இரண்டு சர்வருக்கும் நேரடியாக அனுப்ப ஒரே ஒரு சூழலில் முடியும்: முன் மெஷின் உங்கள் ஆபீஸில் இல்லாமல் வாடகை விபிஎஸ்ஸில் (வெளி நிறுவனத்திடம் இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்) இருந்தால். எம்எக்ஸ் விபிஎஸ்ஸைக் காட்டும். வெளியுலகம் அங்கே 25இல் வரும். அங்கிருந்து உங்கள் ஐபிக்கு 2525, 2526 என்று இரண்டு போர்ட்டில் அனுப்பச் சொல்லலாம், டிரான்ஸ்போர்ட் வரியில் போர்ட் எழுத இடம் உண்டு. ரவுட்டர் 2525ஐ நண்டுக்கும் 2526ஐ லாட்ஜுக்கும் திருப்பும். விபிஎஸ்ஸின் ஐபி தவிர வேறு யாருக்கும் அந்தப் போர்ட்கள் திறக்கக்கூடாது. ரவுட்டரின் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் உங்களிடம் சொந்த ஐபியே இல்லை, போர்ட் திருப்புவது எதுவும் வேலை செய்யாது. அப்போது விபிஎஸ்ஸுக்கும் ஆபீஸுக்கும் நடுவே வயர்கார்டு டனல் (இரண்டையும் நேரடியாக இணைக்கும் தனிப் பாதை) போட வேண்டும். விபிஎஸ் எடுக்கும் முன் 25ஆம் போர்ட் இரு பக்கமும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், பலர் வெளியே போவதை அடைத்து வைத்திருக்கிறார்கள். கார்த்திகை மழையில் புயல் வந்து மண்டபத்தில் கரண்ட் போனாலும் மெயில் விபிஎஸ்ஸில் வரிசையில் நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை முயலும். விபிஎஸ் இல்லாவிட்டாலும் அனுப்புகிற சர்வர்கள் பெரும்பாலும் சில நாள் காத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். ஒரு நாள் கரண்ட் இல்லையென்றால் மெயில் தொலைந்துவிடாது.

போனில் மெயில் பார்க்கப் பயன்படும் 993ஆம் போர்ட்டுக்கும் இதே சிக்கல்தான், ஆனால் எளிது. ஒரு சர்வருக்கு 993, மற்றதற்கு 9993 என்று திருப்பி, போனில் போர்ட்டை மாற்றி எழுதுங்கள்.

மாற்றத்துக்கு முந்தைய நாளே எம்எக்ஸின் டிடிஎல்லை (மற்றவர்கள் பழைய பதிவை எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்பது) 300 ஆக்குங்கள். மாற்றிய பின் ஜிமெயிலிலிருந்து நண்டு, லாட்ஜ் இரண்டு முகவரிக்கும் ஒரே மெயிலை அனுப்புங்கள். முன் மெஷின் லாகில் ஒன்று 11க்கும் ஒன்று 12க்கும் 'சென்ட்' என்று வர வேண்டும். அடுத்து இல்லாத பெயருக்கு ஒன்று அனுப்புங்கள், 550 என்று உடனே திரும்ப வேண்டும். இந்த இரண்டும் சரியாக வந்த பிறகு கம்ப்யூட்டர் பார்ப்பவருக்குப் பணம் கொடுங்கள்.