மேட்டுத் தோட்டமும் கடைமடை வயலும்: தண்ணீர்க் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் இருந்துதான் கேள்விகள் அதிகம். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழி: அண்ணாச்சி, 60 தென்னை நிற்கிறது. கிணற்றில் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலே பெரிய விஷயம். போர் போடவா?

அவசரப்படாதீங்க தம்பி. முதலில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, விற்பதை நிறுத்துங்க. மரத்தைச் சுற்றி ஆறடி தூரத்துக்கு, மரத்துக்கு 100 கதம்பை, முதுகு மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்து அடுக்கணும். வரிசைகளுக்கு நடுவே குழி வெட்டிப் புதைப்பதானால் நேர்மாறு, குழிந்த பக்கம் மேலே இருக்கணும், அப்போதுதான் மழைத் தண்ணீரைச் சிரட்டை மாதிரி ஏந்தும். கதம்பை தன் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தண்ணீர் பிடிக்கும், பலன் ஐந்தாறு வருஷம் நிற்கும். கதம்பையைக் கயிறுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டவன்தான் நானும்.

அப்புறம் சொட்டுநீர். மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் விடுகிற சொட்டுவான் நாலு, தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் 64 லிட்டர். கோடைக்கு அது போதும். 60 மரத்துக்கும் சேர்த்தே நாலாயிரம் லிட்டருக்குள்தான் வரும். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி அங்கிருந்து விடுங்க.

அதே ஊர்: காய்கறிக்கு ஸ்பிரிங்ளர் போடலாமா?

ஆடிக் காற்றிலா? காற்றாலைக்காரர்கள் முப்பந்தலில் சும்மா வந்து நிற்கவில்லை! ஏற்கெனவே போட்டிருந்தால் விடியுமுன் ஓட்டுங்க.

அஞ்சுகிராமம்: சொட்டுவான் ஓட்டையில் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறது.

சுண்ணாம்புப் படிவு அக்கா, கடினத் தண்ணீரின் வேலை. ஆசிட் கலந்த தண்ணீரைக் குழாயில் விட்டு, ஒரு நாள் நிறுத்திவைத்து, கடைசி மூடியைத் திறந்து கழுவிவிடணும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றணும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் விடுவது வேறு நாளில். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு.

தோவாளை: சொட்டுநீருக்கு மானியம் எவ்வளவு?

ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கிக்கொண்டு தோட்டக்கலை அலுவலகம் போங்க. குழாய் போட வந்தவர் என் தோட்டத்தில் வடிகட்டியை மாட்டாமலே போய்விட்டார், நான் கவனிப்பதற்குள் பாதி சொட்டுவான் அடைத்துவிட்டது. கையெழுத்துப் போடும் முன்னால் தண்ணீர் விட்டுப் பாருங்க.

கடைமடை வயல்: கும்பப்பூ (மாசியில் அறுக்கிற இரண்டாம் போகம்) நெல்லுக்குச் சானல் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. எப்போதும் தேங்கி நிற்கணுமா?

வேண்டாம். ஓரடி நீளப் பிவிசி குழாயில் கீழ்ப்பாதிக்கு ஓட்டை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கிற மண்ணை அள்ளிவிடுங்க. குழாய்க்குள் தண்ணீர் வயல் மட்டத்துக்குக் கீழே அரையடி இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் கட்டினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் சமயமும் மட்டும் காயவிடக்கூடாது.