கைக்குழந்தையோடு யாழ்ப்பாணம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வரும் ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வருகிறோம். மகளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருக்கும். கோட்டை, பொது நூலகம், நல்லூர், கீரிமலை, நயினாதீவு எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் பார்த்துவிடக் கணவர் பட்டியல் எழுதியிருக்கிறார். கைப்பிள்ளையை வெயிலில் கொண்டு திரியக் கூடாது என்று மாமி மறிக்கிறார். யார் சொல்வது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வெயிலைப் பற்றி மாமி சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அதற்காகப் பிள்ளையை ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஓர் இடம் மட்டும், அதுவும் காலை ஒன்பது மணிக்கு முன் அல்லது மாலை நாலரைக்குப் பின் என்று வைத்துக்கொண்டால், பட்டியலில் பெரும்பகுதியை அவள் சிணுங்காமலே பார்க்கலாம்.

முதலில் நல்லூர். திருவிழா 25 நாள் நடப்பதால், 24ஆம் நாள் தேரையும் மறுநாள் தீர்த்தத்தையும் விட்டுவிட்டு, முதல் வாரத்துக் காலைப் பூசை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் மணல் பரப்பியிருப்பார்கள். தள்ளுவண்டி அங்கே உருளாது, ஆகவே பிள்ளையைத் தூக்கித்தான் செல்ல வேண்டும். உள்ளே ஆண்கள் மேலாடையைக் கழற்ற வேண்டியிருப்பதால், தகப்பனின் வெறும் மார்பில் சாய்ந்தபடி அவள் கண்ணயர்ந்துவிடவும் கூடும். தவிலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அருகில் நிற்காதீர்கள். ஏழு மாதக் காதுக்கு அது மிக அதிகம். பாலூட்ட இடம் தேடித் தவிக்கவும் வேண்டாம்: என் மகள் நான்கு மாதப் பிள்ளையாயிருந்தபோது, வீதியோர வீடொன்றில் முன்பின் தெரியாத ஓர் அம்மா விறாந்தையில் பாய் விரித்துவிட்டு, தன் வீட்டு ஆண்களைப் பின்வளவுக்கு அனுப்பினார். அந்த அன்பை இன்றும் நான் மறக்கவில்லை.

ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, பின்னர் ஐங்கோணமாக விரித்துக் கட்டிய கோட்டையில் நிழல் மிகக் குறைவு. மாலை ஐந்து மணிக்குப் போனால் கடல்நீரேரிக் காற்று வரும். மதிலின் மேல் தடுப்பில்லாத விளிம்புகள் இருப்பதால், தூக்கியிருப்பவர் படமெடுக்கக் கூடாது. 1981இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த நூலகத்தைப் பிள்ளை உறங்கும் நேரத்தில் பாருங்கள். கீரிமலைக் கேணியில் அவளை இறக்காமல், அவளுடைய கால்களை மட்டும் நனைத்துவிடுங்கள்.

நயினாதீவுக்கு மட்டும் அவளைக் கொண்டுபோக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஓகஸ்ட் மாதம் சோழகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து செல்லும் பயணம் குறுகியதுதான் என்றாலும் படகு ஆடும், கீழ்த்தளத்தில் டீசல் மணமும் வெக்கையும் சேர்ந்திருக்கும், கைக்குழந்தைக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கியை நான் ஏறிய எந்தப் படகிலும் கண்டதில்லை. அத்தீவுக் கோயிலின் நாகபூசணி அம்மனிடம் கணவர் முதலில் போய்வரட்டும். மறுநாள் பிள்ளையை அவரிடமும் மாமியிடமும் விட்டுவிட்டு நீங்கள் போகலாம். அதற்குள் ஒரு வேளைப் பாலைப் பிழிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.