ஸ்பானிய உச்சரிப்பில் ர் உருள மறுத்தால்?

தொடக்கத்திலேயே ர் உருளவில்லையே என்று கேட்கிறீர்கள். நல்ல செய்தி முதலில்: தமிழ் நாக்குக்குப் பாதி வேலை மிச்சம். ர்-க்கு முன் த-வைப் பாருங்கள்: 'எல்லாம்' என்பதற்கான ஸ்பானியச் சொல் 'தோதோ'வை அப்படியே வாசியுங்கள். முதல் த வன்மையாகவும், அடுத்தது 'அது'வில் வருவதுபோல் மென்மையாகவும் தானே விழும். ஆங்கில நினைப்பில் ட போட்டால்தான் கெடும். நெடிலாக இழுக்கவும் வேண்டாம், அங்கே குறில்-நெடில் பேதமில்லை.

இனி ர். 'பெரோ' என்றால் 'ஆனால்'. இதில் வருவது 'மரம்' என்பதன் ர, நாக்கு ஒரே தட்டு தட்டினால் போதும். 'பெர்ரோ' என்றால் நாய், இதில்தான் ர் உருளும். இதற்கு நுனிநாக்கை மேல்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் தளர்வாக வைத்துக் காற்றைத் தள்ளுங்கள். நாக்கை அதிரவைப்பது காற்றுதான், தசையல்ல. இறுக்கினால் வெறும் சீறல்தான் வரும். சொல்லின் முதலில் ஒற்றை ர் இருந்தாலும் உருட்டியே ஆகவேண்டும்.