அவுட்பாஸ் ப்ராஜெக்ட்டுக்கு ஜேடபிள்யூடி வேண்டுமா, தம்பி?

தம்பி, நீ அனுப்பிய ப்ராஜெக்ட் விவரத்தை நிதானமாகப் படித்தேன். விடுதி மாணவர்கள் வெளியே போக அவுட்பாஸ் கேட்பார்கள், வார்டன் பார்த்து அனுமதி கொடுப்பார், எல்லாம் ஒரே வெப்சைட், ஒரே சர்வர். இதன் லாகினுக்கு ஜேடபிள்யூடியா (JWT, ஆளின் விவரத்தை உள்ளேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் டோக்கன்) ஓஆத்தா (OAuth, ஒரு ஆப்புக்கு இன்னொன்றில் அனுமதி தரும் முறை), எதைப் போட்டால் வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். எதைப் போட்டாய் என்று பார்த்து யாரும் வேலை தருவதில்லை, ஏன் போட்டாய் என்று கேட்கும்போது நீ சொல்லும் பதிலைத்தான் பார்ப்பார்கள். நான் நடத்தும் மாதிரி இன்டர்வியூக்களில் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். "எல்லாரும் அதைத்தான் போடுறாங்க சார்" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

முதலில் கதவைத் தட்டுவது யார் என்று பார். உன் ப்ராஜெக்ட்டில் பிரவுசரில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தான். அப்படியென்றால் செஷன் குக்கியே போதும், அதாவது லாகின் விவரத்தைச் சர்வர் வைத்துக்கொண்டு பிரவுசருக்கு ஒரு அடையாள எண்ணை மட்டும் கொடுக்கும் முறை. வெப்சைட் கட்ட ஜாங்கோ எடுத்தாலும் ஸ்பிரிங் செக்யூரிட்டி எடுத்தாலும் அது கூடவே வருகிறது, குக்கியைப் பாதுகாக்கும் எச்டிடிபி ஒன்லி, செக்யூர், சேம்சைட் என்ற மூன்று செட்டிங்கையும் சரியாக வைத்துவிட்டால் ஆயிற்று. பழைய முறை என்று சீனியர்கள் சொன்னால் அதற்காக மாற்றாதே.

ஜேடபிள்யூடி ஏன் இங்கே இடிக்கும் என்று நீயே பார்த்துக்கொள். ஒரு டோக்கனை எடு, நடுவில் இரண்டு புள்ளி இருக்கும், அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் இருப்பதை பேஸ்64 டிகோடரில் போடு. உன் ரோல் நம்பர், மெயில் ஐடி, என்ன வைத்தாயோ எல்லாம் அப்படியே தெரியும். பொதுவாகப் போடுகிற டோக்கனில் கையெழுத்து மட்டும்தான் உண்டு, பூட்டு கிடையாது; யாராவது மாற்றினால் தெரியும், படிப்பதைத் தடுக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மாலை 5 மணிக்கு ஒருவரை வார்டன் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று வை. அன்று மாலைதான் லாகின் செய்திருக்கிறார், டோக்கன் 24 மணி நேரம் செல்லும், அதற்குள்ளேயே "வார்டன்" என்று எழுதியிருக்கிறது, சர்வர் அதை மட்டும் நம்புகிறது. மறுநாள் மாலை வரை அவர் அவுட்பாஸ் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். தடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் சர்வரில் ஒரு பட்டியலைப் பார்க்க வேண்டும், அதற்குச் செஷனே வைத்திருக்கலாமே! பல சர்வீஸ்கள் தனித்தனியாக ஓடும் இடத்தில், 10 நிமிட டோக்கனும், அது முடிந்ததும் புதியது வாங்க ரெஃப்ரெஷ் டோக்கனுமாக வைத்தால் இது நல்ல கருவிதான். இந்த வார்டன் கதையை இன்டர்வியூவில் சொல்லு, கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஓஆத் 2.0, 2012-ல் வந்தது, ஒருவர் சார்பாக இன்னொரு ஆப்புக்கு அனுமதி கொடுக்கத்தான். ஆள் யார் என்று சொல்வது அதன் மேல் 2014-ல் வந்த ஓபன்ஐடி கனெக்ட். உங்கள் கல்லூரி மெயில் கூகுளில் இருந்தால் அதை வைத்தே லாகின் கொடு, பாஸ்வேர்டைச் சேமிக்கும் தலைவலி இல்லை. ஆனால் பயனர் பாஸ்வேர்டை ஆப்பே வாங்கி டோக்கன் எடுக்கும் வழியைப் பழைய டுடோரியல்களில் பார்த்தால் தொடாதே. 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 என்ற இணையத் தர ஆவணம் அதைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. அப்புறம், புரோகிராமும் புரோகிராமும் பேசுவதற்கு (அந்த வழிக்குத்தான் ஏபிஐ என்று பெயர்) ஏபிஐ கீ அல்லது கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ், அது உனக்கு இப்போது வேண்டாம்.

ஒன்று மட்டும் இன்றே செய். உன் கணக்கில் லாகின் செய்து, அவுட்பாஸ் பக்கத்தின் வெப் முகவரியில் 41 என்று இருப்பதை 42 ஆக்கிப் பார். அடுத்தவர் அவுட்பாஸ் திறந்தால், எந்த டோக்கன் போட்டும் பயனில்லை. வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2023 ஏபிஐ ஆபத்துகள் பட்டியலில் முதல் இடமே இந்தத் தவறுக்குத்தான்.

அப்பா ஏதோ கோர்ஸுக்குப் பணம் கட்டப் போகிறார் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறுக்கச் சொல். போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் வெப் செக்யூரிட்டி அகாடமி இலவசம், ஆதென்டிகேஷன் (ஆள் யார் என்று உறுதிசெய்வது), ஜேடபிள்யூடி, ஓஆத் மூன்றுக்கும் அதில் லேப் இருக்கிறது. அதை முடி, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "ஏன் செஷன்" என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு, இன்டர்வியூவுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.