ஹோய் ஆனில் விளக்குக் கூடு செய்யும் வகுப்பு: கைவேலை வராதவர்கள் போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாத நீங்கள், வியட்நாம் போகிற இடத்தில் மனைவியின் ஆசைக்காக விளக்குக் கூடு வகுப்பில் உட்கார்ந்தால் அசடு வழிய வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழியாது. அங்கே அசடு வழிந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் 31 வருடம் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

உங்களுக்கு முதலில் பதில் எழுதிய ஒருவர், அதெல்லாம் சின்னப் பிள்ளைகள் பசை ஒட்டி விளையாடுவது, காசுக்குத் தண்டம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த பிறகுதான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வருடம் மார்ச் மாதம் நானும் என் நாத்தனாரும் போனோம். (ஓய்வூதியத்தில் வெளிநாடா என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு: டிக்கெட் என் மகன் எடுத்துக் கொடுத்தது. 25 டாலர் விசாக் கட்டணம் மட்டும் என்னுடையது.) நாத்தனார் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவள். சட்டைப் பொத்தான் அறுந்தால் சட்டையோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வீட்டுப் பொத்தான்களையெல்லாம் நான்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஊரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். டானாங் விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் வந்து தங்கி வணிகம் செய்த துறைமுகம். பிறகு ஆற்று வாய் மணல் மேடிட்டுப் போனதால் பெரிய கப்பல்கள் டானாங் பக்கம் போய்விட்டன. வியாபாரம் படுத்ததால் பழைய ஓட்டு வீடுகளை இடித்துக் கட்ட யாருக்கும் அவசரமில்லாமல் போனது. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்த நாட்டுப் பணமான டாங்கில் 20,000 நோட்டில் ஒரு கூரை போட்ட பாலம் அச்சாகியிருக்கும், அது இந்த ஊர்ப் பாலம்தான்.

நாங்கள் போனது ஆற்றங்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கடை. ஆளுக்கு 2,50,000 டாங். லட்சம் என்றதும் பதறாதீர்கள், ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங், நம் பணத்தில் எண்ணூற்றுச் சொச்சம்தான். வேறு கடைகளில் கூடலாம், குறையலாம். நான் பார்த்தது ஒரே ஒரு கடை, அதை மட்டும் வைத்துப் பேசுகிறேன். கடைச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு போட்டு ஆண்டு எழுதியிருந்தார்கள். ஒரு கோடு என் தலைக்கு மேலே இருந்தது. அக்டோபர், நவம்பரில் அந்த ஊரில் தண்ணீர் தெருவுக்கு வருவது வழக்கம். நீங்கள் மே மாதம் போவதால் வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

சொல்லிக் கொடுத்த அம்மா முதலில் கேட்டது என் வயதை. அங்கே வயது தெரியாமல் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாதாம். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெள்ளைக்காரர்கள்தான் முகம் சுளிக்கிறார்கள். அவருக்கு 67, எனக்கு 61. அதனால் நான் 'எம்', அதாவது தங்கை. அவர் 'சி', அதாவது அக்கா. ஆங்கிலம் தெரிந்த அவருடைய தங்கை மகள்தான் இதைச் சொல்லித் தந்தாள். அன்று முழுவதும் அந்த அம்மாளைக் கூப்பிடும்போதெல்லாம் நம் ஊர்ச் 'சீ' வாயில் வந்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே கவலை.

விளக்குக் கூட்டுக்கு அவர்கள் 'டென் லோங்' என்கிறார்கள். டென் விளக்கு, லோங் கூடு. லாந்தர் என்று எழுதினால் நமக்கு மண்ணெண்ணெய் வாசம்தான் வரும். அதனால் கூடு என்றே வைத்துக்கொள்கிறேன்.

கூடு மூங்கில். மூங்கிலை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால்தான் பூச்சி அரிக்காதாம். பிறகு மெல்லிய பட்டைகளாகச் சீவி, மேலே ஒரு மரக்கட்டை, கீழே ஒரு மரக்கட்டை, இரண்டுக்கும் நடுவில் வரிசையாகக் கட்டுகிறார்கள். இரண்டு கட்டைகளையும் நெருக்கி அழுத்தினால் பட்டைகள் வளைந்து வயிறு தள்ளி நிற்கும். விட்டால் குடைபோலச் சுருங்கிவிடும், பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு வரலாம். இதையெல்லாம் நாம் செய்வதில்லை. ஒன்றிரண்டு மணி நேர வகுப்பில் கூடு தயாராக இருக்கும், நாம் துணி ஒட்டுவது மட்டும்தான். மூங்கில் சீவுவதிலிருந்து கற்க வேண்டுமானால் அரை நாள் வகுப்பு கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரிப் பதில்காரர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் துணி ஒட்டுவதை விளையாட்டு என்றாரே, அவர் உட்கார்ந்து ஒட்டிப் பார்த்தவர் இல்லை. கூடு உருண்டை, துணி தட்டை. தட்டையானதை உருண்டை மேல் சுருக்கமில்லாமல் உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்று ரவிக்கை தைத்த எவரையும் கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் கொடுத்தது மஞ்சள் துணி. பட்டு என்றார்கள். ஓரத்தில் ஒரு இழையை உருவி விரலில் திரித்துப் பார்த்தேன், செயற்கை இழை. குறையாகச் சொல்லவில்லை, அந்தக் காசுக்கு அசல் பட்டு எதிர்பார்க்க முடியாது. நாத்தனார் சிவப்பு எடுத்தாள். அக்கா ஒரு பட்டையில் பசை தடவி, துணியை மேலே போட்டு, ஓரமாக வளைத்து இழுத்துக் காட்டினார். புரிந்துவிட்டது என்று தலையாட்டினேன். புரிந்ததா? 31 வருடம் தலைக்குள் உட்கார்ந்திருந்தது வேறு. பட்டைக்குப் பட்டை எத்தனை விரற்கடை என்று அளந்தேன், வயிற்றுப் பக்கம் அகலமாகவும் மேலும் கீழும் ஒடுங்கலாகவும் உள்பாவாடைக்கு வெட்டுவதுபோலத் துண்டு வெட்டினேன், மடிக்கக் கால் அங்குலம் விட்டேன். என் மாணவிகள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

அந்தத் துண்டை இழுத்து ஒட்டப் பிடிமானமே இல்லை. நடுவில் தொய்ந்து, மேலே சுருங்கி, கிழவி கன்னம்போல ஆகிவிட்டது. அந்த வேலையில் துணியை அளக்கவே கூடாது. பெரிய துணியை அப்படியே போட்டு, குறுக்குவாட்டில் பிடித்து, நெய்த நூல் இடம் கொடுக்கிற வரை இழுத்து, பட்டையில் அழுத்தி, பசை பிடித்த பிறகு மிச்சத்தை நறுக்க வேண்டும். தையலில் முதல் வேலை இங்கே கடைசி வேலை. எதிரே நாத்தனார் எதையும் யோசிக்காமல் அக்கா செய்ததை அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

"மதினி, இது நல்லா வருகிறதே" என்றாள். நான் நிமிரவில்லை.

அடுத்து நடந்ததற்கு வியட்நாமிய மொழியைத்தான் குறை சொல்ல வேண்டும். தொடங்கும்போதே அக்காவின் தங்கை மகள் கத்திரிக்கோலைக் காட்டி 'கெவ்' என்றாள். வாத்தியார் புத்தி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு அவள் வாசலில் யாருக்கோ விலை சொல்லப் போய்விட்டாள். அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, இரண்டாவது துணியை நான் பிடித்திருந்ததைப் பார்த்து, "கெவ், கெவ்!" என்றார். வெட்டச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நான் கத்திரியை எடுத்தேன். "கெவ்!" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். வெட்டிவிட்டேன். பட்டையிலிருந்து இரண்டு விரல் உள்ளே, வயிற்றின் நடுவில். அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்த பெண் சிரித்து முடித்துவிட்டு விளக்கினாள். குரலை ஏற்றிச் சொன்னால் கெவ் என்பது கத்திரிக்கோல். அதே ஏற்றத்தோடு இழு என்ற பொருளும் உண்டு. குரலை மட்டமாக வைத்தால் பசை. இழு, கத்திரிக்கோல், பசை மூன்றையும் ஒரே ஒலியில் வைத்துக்கொண்டு ஒரு தொழிலைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்! கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஒரு டப்பாவை நீட்டி மறுபடியும் கெவ் என்றார், இந்த முறை குரலைத் தாழ்த்தி வெட்டினாற்போல. பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டேன். உள்ளே இஞ்சி மிட்டாய். அந்த ஒலிக்கு மிட்டாய் என்றும் பொருளாம்.

கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டு, மேலே ஒரு சரிகை நாடாவை ஒட்டி மறைத்து, அடியில் குஞ்சம் கட்டி என் கூட்டை முடித்தோம். முடித்தது அக்கா. பக்கத்தில் நாத்தனாருடைய சிவப்புக் கூடு, தக்காளிபோல, ஒரு சுருக்கம் இல்லை. கடைக்காரர்கள் இரண்டையும் பல்பு மேல் மாட்டிப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். வெளிச்சம் போட்டால் ஒட்டுப் போட்டது இன்னும் நன்றாகத் தெரியும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். அந்தப் படம் அன்று மாலையே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. யார் அனுப்பினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்தவளுக்கு ஏன் கை வரவில்லை என்று யாராவது கேட்பீர்கள். சும்மா இருந்தால் கை மறந்துவிடும். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் தையல் பாடவேளை என்று அட்டவணையில் இருக்கும், ஆனால் பத்தாம் வகுப்புக்கு நடக்காது. ஜூலையில் கணக்கு வாத்தியார் "ஒரு வகுப்பு மட்டும் கொடுங்கள் டீச்சர்" என்று வருவார். ஆகஸ்டில் அறிவியல். செப்டம்பருக்குப் பிறகு யாரும் கேட்பதுகூட இல்லை, நேராக வகுப்புக்குள் போய்விடுவார்கள். நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவர்களுடைய விடைத்தாள்களுக்கு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பேன். ஆண்டு விழாவுக்கு மட்டும் தையல் டீச்சர் நினைவு வரும், முப்பது பிள்ளைகளுக்கு நாலு நாளில் நாட்டிய உடை. ஆறு தையல் மெஷின்கள் துணி போர்த்தி மூலையில் நின்றன. ஓய்வு பெறும் நாளில் ஒன்றை மிதித்துப் பார்த்தேன், பெல்ட் அறுந்து விழுந்தது. அந்தப் பிள்ளைகள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினார்களா என்றால் அதுவும் இல்லை. நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும். ஆனால் தன்னுடைய மொழி தெரியாத ஒருத்திக்கு, அதுவும் துணியைக் கெடுத்தவளுக்கு, 67 வயதில் ஒரு மனுஷி அலுக்காமல் மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த மெஷின்கள்தான் ஞாபகம் வந்தன.

இன்னொரு கூட்டம் வரும்: இது பாரம்பரியமே கிடையாது, சுற்றுலாக்காரர்களுக்காகக் கிளப்பிவிட்டது என்று. ஊரில் விளக்கை அணைத்துக் கூடுகளை ஏற்றும் பௌர்ணமி விழா 1998இல் தொடங்கியதுதான், ஒப்புக்கொள்கிறேன். சந்திரக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 14ஆம் நாள் இரவு நடக்கிறது, உங்கள் தேதி பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் மெழுகுவர்த்தி வைத்த காகித விளக்கு மிதக்கவிட ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து இழுப்பார்கள். நான் விடவில்லை. சற்றுத் தள்ளி ஒருவர் படகில் இருந்துகொண்டு வலையால் அவற்றை அள்ளிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. மற்றபடி விழா புதிதாக இருக்கட்டும், அந்த அக்காவின் விரல்கள் நேற்று முளைத்தவை இல்லை.

மறுநாள் நாத்தனார் மீ சன் கோவில்களைப் பார்க்கப் பஸ்ஸில் போனாள், முன்பு அந்தப் பகுதியை ஆண்ட சாம் அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோவில்கள். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி அறையிலேயே இருந்துவிட்டேன். பஸ் நகர்ந்ததும் நடந்து அந்தக் கடைக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் முதல் வேலையாக மேசை மேலிருந்த கத்திரிக்கோலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். காசு பாதி போதும் என்றார். அன்று அளக்கவில்லை, குறிப்பேட்டையும் எடுக்கவில்லை. அவர் கெவ் என்றபோதெல்லாம் இழுத்தேன்.

நீலக் கூடு. சுருக்கம் இல்லை. வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. முதல் நாள் செய்த மஞ்சள் கூடு வழியில் நசுங்கிவிட்டது, இது கடையில் விலைக்கு வாங்கியது என்றுதான் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் கூடு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. அவள் இந்தத் தளத்துக்கு வருவதில்லை.