வீட்டிலிருந்து வேலை: 200 வெள்ளி அலவன்ஸ் வாங்குவதா, இணைய பில்லைக் கட்டச் சொல்வதா?

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஐடி வேலை, வாடகைக் கொண்டோ, கம்பெனி மாதம் 200 வெள்ளி தருகிறது, அரசாங்கமும் தனியாக ஏதாவது தருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரசாங்கம் உங்கள் கையில் எதுவும் தராது. 2025 பட்ஜெட் சலுகை முதலாளிக்குத்தான்: நெகிழ்வு வேலை முறைக்கான பயிற்சி, மென்பொருள் செலவுக்குக் கூடுதலாக 50 விழுக்காடு வரிக் கழிவு, உச்சவரம்பு 500,000 வெள்ளி.

இனி அந்த 200 வெள்ளி. ரொக்கமாக வந்தால் அது சம்பளத்தோடு சேரும். சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 22 வெள்ளி. வரிக்குரிய வருட வருமானம் 70,000க்கு மேல், 100,000க்குள் என்றால் 19 விழுக்காடு வரி, 38 வெள்ளி. கைக்கு வருவது 140. ‘சேமநிதிக்குப் போவது நஷ்டமா?’ என்று யாரும் பாய வேண்டாம். நஷ்டமில்லை, முதலாளியும் தன் பங்கைப் போடுகிறார். ஆனால் மாதக் கடைசியில் அதை வைத்து பில் கட்ட முடியாது.

அதையே உங்கள் பெயரிலுள்ள இணைய பில்லைக் கம்பெனி கட்டுவதாக மாற்றினால், ஓர் இணைப்புக்கு வரிவிலக்கு உண்டு. பில் 139 என்று வைப்போம், வருடத்துக்கு 1,668. வரி மிச்சம் 317 வெள்ளி. பலரும் இங்கேயே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நீங்களே பில் கட்டினால் அதே 1,668ஐ வாழ்க்கைமுறை வரி விலக்கில் (உச்சம் 2,500) காட்டலாம். அங்கேயும் அதே 317தான். கம்பெனி கட்டிய பில்லை நீங்கள் காட்ட முடியாது. ஆக, அந்த வருடம் கைப்பேசி, மடிக்கணினி, புத்தகம் வாங்கி 2,500ஐ நிரப்புகிறவருக்குத்தான் பில் முறை லாபம். எதுவும் வாங்காதவருக்கு ரொக்கமே மேல், முதலாளியின் சேமநிதிப் பங்காவது கிடைக்கும். 2,500 என்பது திரும்பக் கிடைக்கும் பணமுமல்ல, வருமானத்திலிருந்து கழிகிற தொகை.

வாடகை வீட்டில் சிக்கல் வேறு. யூனிஃபை இணைய பில் வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்தால் இரண்டு வழியும் அடைபடும். முதலில் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நாற்காலி, மேசை, டிஎன்பி மின்சார பில் எதுவும் அந்த 2,500 பட்டியலில் இல்லை. நாற்காலியைக் கம்பெனியே வாங்கித் தன் சொத்தாக வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. ‘பயணப் படியை நிறுத்தி, அதே தொகையை வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான படியாகத் தருகிறோம்’ என்று ஹெச்.ஆர். சொன்னால் உஷார். பயணப் படிக்குச் சேமநிதி பிடிப்பதில்லை, புதிய படிக்குப் பிடிப்பார்கள். 300 வெள்ளி என்றால் கையில் 33 குறையும். ‘ஹைப்ரிட்’ என்று விளம்பரம் போட்டு ஆளை எடுத்துவிட்டு, வாரம் நான்கு நாள் பினாங்குப் பாலம் தாண்டி வரச் சொல்கிறவர்களைப் பற்றிப் பேசினால் பதில் நீண்டுவிடும். வீட்டிலிருந்து ஆபீசுக்கு அடிக்கிற பெட்ரோலுக்கு வரிவிலக்கும் கிடையாது.

வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வேலைச் சட்டம் 60P பிரிவின்படி கேட்கும் உரிமை 2023 ஜனவரி முதல் இருக்கிறது. 60 நாளுக்குள் பதில் வர வேண்டும், மறுத்தால் காரணமும் எழுத்தில் வேண்டும். மறுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை.

பில் முறைக்குப் போனால், பிப்ரவரிக் கடைசிக்குள் முதலாளி தரும் வருடச் சம்பளக் கணக்கான இஏ பாரத்தில் அந்தத் தொகை வரிவிலக்குப் பகுதியில் இருக்கிறதா பாருங்கள். சம்பளத்தோடு சேர்த்திருந்தால், இணையத்தில் வரிக் கணக்கு அனுப்பும் கடைசி நாளான மே 15க்கு முன்பே திருத்தி வாங்குங்கள். ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீது அதற்குள் வெளுத்துவிடலாம், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.